வேட்டங்குடியில் பறவை எண்ண நிக்கான் மோனார்க் எம்5 8×42 இருகண்நோக்கி போதுமா?

பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என மூன்று கண்மாய்கள் சேர்ந்ததுதான் சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977-ல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 38.4 ஹெக்டேர். கூடுகள் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் இருப்பதால் எண்ணிக்கை முழுக்கக் கரையிலிருந்துதான். நெருங்கினால் தாய்ப்பறவை எழும்பும். காக்கை முட்டையைக் கொத்திக்கொண்டு போய்விடும். பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காத ஊர் அது. எண்ண வருபவர் அந்த மரியாதையைக் குலைக்கக் கூடாது.

8×42 என்பதில் 8 உருப்பெருக்கம், 42 முன் லென்ஸின் விட்டம் மி.மீ.-ல். இந்த வேலைக்கு 10 மடங்கைவிட 8 மடங்கே மேல். கை நடுக்கம் குறைவாகத் தெரியும். கண்ணுக்கு வரும் ஒளிவட்டமும் 5.3 மி.மீ.; 10×42-ல் 4.2 மி.மீ.தான். மாலையில் கூடடைய வரும் கூட்டத்தை எண்ணும்போது அந்த வித்தியாசம் புரியும். நிறம் பிரிவதைக் குறைக்கும் ஈ.டி. கண்ணாடி என்பதால் வெளிர்வானத்துக்கு எதிரே நிற்கும் நாரையின் ஓரத்தில் ஊதாக் கோடு படர்வது குறைவு. நத்தைக்குத்தி நாரையின் அலகு இடைவெளி வழியே பின்னால் இருக்கும் கிளை தெரிகிற அளவுக்குத் துல்லியம். ஆனால் இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது. இடைவெளியை மட்டும் நம்பி எண்ணினால் குஞ்சுகள் வேறு இனக் கணக்கில் போய்விடும். மஞ்சள்மூக்கு நாரையின் இளசும் பழுப்புதான். அதன் அலகு நுனி சற்றே கீழ்நோக்கி வளைந்திருக்கும்.

குறை, பார்வை அகலம். 6.4 டிகிரி என்றால் 100 மீட்டரில் சுமார் 11 மீட்டர்தான். பரந்த மரத்தை ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. கண்ணாடியை நகர்த்தும்போது ஒரே கூடு இரண்டு முறை எண்ணப்படும். கிளைப்பிரிவை அடையாளமாக வைத்து மரத்தை இடமிருந்து வலமாகப் பிரித்து எண்ணுங்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். இலைக்குள் பதுங்கும் வக்கா என்ற இராக்கொக்கு எப்படியும் குறைவாகத்தான் வரும்.

காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். வெயில் ஏறிக் கானல் கிளம்பிவிட்டால் எந்தக் கண்ணாடியாலும் பயனில்லை.

வலது கண்ணின் பார்வைக்கேற்பத் தனியாகச் சரிசெய்யும் வளையத்துக்குப் பூட்டு இல்லை, பைக்குள் உரசித் திரும்பிவிடும். தினமும் வலப்பக்கத்தை மூடி நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குச் சரிசெய்து, பிறகு இடப்பக்கத்தை மூடி வளையத்தைத் திருப்புங்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் கிண்ணத்தை முழுக்க இறக்கிவிட வேண்டும்.

உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருப்பதால் உட்புறம் பனிக்காது. வெளி லென்ஸில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கரைப்புழுதியை முதலில் ஊதித் தள்ளுங்கள். துண்டால் நேரே துடைத்தால் மேற்பூச்சில் கீறல் விழும்.