வெர்சிகலரா, வர்ஜினிகாவா? விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள்

மெஷின் லேர்னிங் படித்தவர்களுக்கு ஐரிஸ் என்றால் பூ நினைவுக்கு வராது. 150 வரிசைகளில் அடுக்கிய எண்கள்தான் வரும். தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சன் சேகரித்த மூன்று ஐரிஸ் இனங்களின் பூ அளவுகளை வைத்து 1936இல் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் வெளியிட்ட அட்டவணை அது. அதில் செட்டோசா என்ற இனம் தனியாக ஒதுங்கி நிற்கும். மற்ற இரண்டான வெர்சிகலரும் வர்ஜினிகாவும் ஓரத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். கலக்காமல் எப்படி? வர்ஜினிகாவும் செட்டோசாவும் சேர்ந்து பிறந்த இனம்தான் வெர்சிகலர் என்று ஆண்டர்சனே சொன்னார். பிள்ளைக்குப் பெற்றவர் ஜாடை இருக்கத்தானே செய்யும்.

அந்த அட்டவணையில் இல்லாத ஒன்று விதை. வட அமெரிக்காவின் பேரேரிகள் பக்கம் வெர்சிகலர், வர்ஜினிகா இரண்டும் ஈரநிலத்தில் வளர்கின்றன. பூக்காலம் முடிந்த பிறகு அங்கே போனவருக்கு நெற்றுதான் மிச்சம்.

ஸ்கேலை எடுக்க வேண்டாம். இரண்டுமே ஏறக்குறைய 5 முதல் 8 மி.மீ.தான். நிறத்தையும் நம்ப முடியாது, பழுப்பில் எத்தனையோ பழுப்பு. மேல்தோலைப் பாருங்கள். வெர்சிகலர் விதையின் தோல் மெல்லியது, ஆனால் கெட்டி. புளியங்கொட்டை போலப் பளபளக்கும். லென்ஸ் வைத்தால் சீரான பொடிப் புள்ளிகள் தெரியும். வடிவம் பெரும்பாலும் அரைநிலா. வர்ஜினிகா விதையில் அந்தப் பளபளப்பு கிடையாது. தக்கை மாதிரி தோல், தாறுமாறான பள்ளங்கள். சில விதைகள் அரைநிலாவாகவும் சில கோணல்மாணலாகவும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விரல் நுனிக்கே வித்தியாசம் தெரிந்துவிடும். இந்த ஜோடியைப் பொறுத்தவரை பூவைவிட விதைதான் நம்பகமான சாட்சி என்பேன்.

சிக்கல் மூன்றாவது ஆளால் வருகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்து அமெரிக்க நீர்க்கரைகளைப் பிடித்துக்கொண்ட மஞ்சள் ஐரிஸ், சூடகோரஸ். அதன் விதையும் தக்கைதான், வர்ஜினிகா போல அதுவும் மிதக்கும். ஆகவே தண்ணீரில் போட்டுப் பார்க்கும் சோதனை இங்கே உதவாது. தட்டையாக, நெற்றுக்குள் காசு அடுக்கியது போல இருந்தால் சூடகோரஸ் என்று சந்தேகப்படலாம். ஆனால் உதிர்ந்து கிடக்கும் ஒற்றை விதையை வைத்து நான் பந்தயம் கட்டமாட்டேன். அப்படிப்பட்ட விதையைக் குளக்கரையில் தூவாமல் தொட்டியில் முளைக்கவிட்டு, பூக்கும்வரை காத்திருங்கள். மஞ்சளா நீலமா என்பதில் யாருக்கும் குழப்பம் வராது.