மாணவர் வேலைச் செயலி: அல்சூர் ஜெராக்ஸ் கடைக்காரனின் அனுபவம்

பெங்களூர் அல்சூரில் பதினான்கு ஆண்டுகளாக ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங் கடை நடத்துகிறேன். மாலை நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரைதான் கூட்டம் நெரிக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் கல்லூரிப் பிள்ளை ஒருவர் போதும் என்று, மாணவர்களுக்குப் பகுதிநேர வேலை தேடித்தரும் செயலி ஒன்றில் ஜூலையில் சேர்ந்தேன்.

இரண்டே நாளில் நாற்பத்தொரு விண்ணப்பங்கள். தொலைபேசி எண்ணைப் பார்க்கத்தான் காசு: பத்து எண்களுக்கு ஜிஎஸ்டியோடு 590 ரூபாய். பத்துப் பேரையும் அழைத்தேன். ஆறு பேர் படிப்பை முடித்துவிட்டு முழுநேர வேலை தேடுகிறவர்கள். இரண்டு பேருக்கு வகுப்பு முடியவே ஐந்தரை ஆகிவிடும். ஒருவர் எடுக்கவே இல்லை. மீதி ஒருவர் வந்தார். நான்காம் நாள் கல்லூரித் தேர்வு என்று நின்றுவிட்டார். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரை துருவித் துருவிக் கேட்கிற செயலி, வகுப்பு எப்போது முடியும், தேர்வு எப்போது என்று கேட்பதே இல்லை. மாணவரிடம் முதலில் கேட்க வேண்டியதே அதுதானே?

தூரக் கணக்கும் அப்படித்தான். கடையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் இருப்பவர்களை மட்டும் காட்டுகிறது. கடைசியில் எனக்குக் கிடைத்த பெண் கே.ஆர்.புரத்தில் இருக்கிறாள். அவளும் அதே செயலியில் பதிந்தவள்தான், என் கண்ணில் படவே இல்லை. 2023 அக்டோபரில் மெட்ரோ பையப்பனஹள்ளியைத் தாண்டி நீண்ட பிறகு, அல்சூரிலிருந்து ஐந்தாவது நிலையம் கே.ஆர்.புரம். பைண்டிங்குக்கு வந்த அவளுடைய தோழி சொல்லித்தான் அவளைப் பற்றித் தெரிந்தது.

வந்தவள் கைப்பேசி உறைக்குள்ளிருந்து நான்காக மடித்த கால அட்டவணையை எடுத்து நீட்டினாள். நீல மையில் இரண்டு கட்டங்களைச் சுழித்திருந்தாள். “செவ்வாயும் வியாழனும் லேப் இருக்கிறது அண்ணா, வர முடியாது.” ஒரு நிமிடத்தில் பேச்சு முடிந்தது.

ஒன்றை மனதாரப் பாராட்ட வேண்டும்: இந்தச் செயலி மாணவர்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. இதே பெண் முன்பு டெலிகிராமில் வந்த ‘வீட்டிலிருந்தே வேலை’க்குப் பதிவுக் கட்டணமாக 1,500 ரூபாய் கட்டி ஏமாந்தவள். வேலை தருகிறவன் முன்பணம் கேட்டால் நம்பாதீர்கள். பறிகொடுத்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். இந்த எச்சரிக்கை செயலியில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருக்கிறது. பெங்களூரில் கன்னடமும் தமிழும் வேண்டாமா?

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். கால அட்டவணையையும் மெட்ரோ வழியையும் சேர்த்தால் மறுபடி 590 ரூபாய் கட்டுவேன். இப்போதைக்குச் செவ்வாயும் வியாழனும் என் மனைவி கடைக்கு வருகிறார்.