அம்புக்குறிக்கு ஆள் கேட்கும் டியூஷன் வகுப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கடைவீட்டு மாடியொன்றில் சனிக்கிழமைகளில் நடக்கும் இயற்பியல் வகுப்பில், படிவம் 4 படிக்கும் என் மகனைச் சேர்த்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. கட்டணம் மாதம் 70 ரிங்கிட். அறை சிறியது, புழுக்கமும் அதிகம்.

விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம் என்ற சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை காண்பதில் அவனுக்குச் சிரமமே இருந்ததில்லை. ஆனால் மேலே எறியப்பட்ட பந்தின் மீதுள்ள விசைகளை வரையச் சொன்னபோது, கையை விட்டுப் போய்விட்ட பந்துக்கும் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டு, அதற்குக் 'கை கொடுத்த விசை' என்று பெயரும் எழுதினான். ஆசிரியர் அதைத் தவறென்று சொல்லவில்லை. ஒவ்வோர் அம்புக்குறியின் அருகிலும் அந்த விசையை இப்போது தருபவர் யார் என்று எழுத வேண்டும், எழுத ஆளில்லையென்றால் அழித்துவிட வேண்டும் என்றார். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், மிஞ்சியது பூமி மட்டுமே. உச்சியில் பந்து ஒரு கணம் நிற்பதால் விசையும் அங்கே இல்லை என்று சிலர் வாதிட்டார்களாம். அப்படியானால் அது ஏன் அங்கேயே தொங்கவில்லை என்று கேட்ட பிறகுதான், அங்கும் முடுக்கம் கீழ்நோக்கி அதே 9.81 மீ/வி² என்பது அவர்களுக்கு உறைத்திருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய கைவண்டியைத் தள்ளி வளர்ந்த எனக்கு, தள்ளுவதை நிறுத்தினால் வண்டியும் நிற்கும் என்பதே இயற்கையாகப் பட்டது. வண்டியை நிறுத்துவது உராய்வு என்று நானும் எண்ணியதில்லை.

மின்சுற்றுப் பாடம் இதைவிடச் சிறப்பு. ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்து, சுவிட்சைப் போடும் முன் விடையை எழுத வைத்தார். மின்னோட்டத்தை முதலில் பெறும் பல்பே அதிகமாக எரியும் என்று பலர் எழுத, இரண்டும் சமமாகவே எரிந்தன. பிறகு இரண்டாம் பல்புக்கு அப்பால் ஒரு மின்தடையைச் சேர்த்ததும் முதல் பல்பும் மங்கியது. மின்னோட்டத்தைத் தோட்டத்து வாய்க்கால் நீராகக் கற்பனை செய்பவர்களுக்கு, பின்னால் வருவது முன்னால் இருப்பதைப் பாதிக்கும் என்பதே நம்பமுடியாதது. சுற்று முழுவதும் சேர்ந்துதான் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது என்பதை என் மகன் வீட்டில் எனக்கே விளக்கினான்.

குறையும் உண்டு. இந்த ஒரு பாடத்துக்கே மூன்று வாரங்கள் போயின. கடந்த ஆண்டுகளின் தேர்வுக் கேள்விகளுக்கு நேரம் போதவில்லை, அரையாண்டுத் தேர்வில் அவன் மதிப்பெண் பெரிதாக உயரவுமில்லை. படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வுக்கு இரண்டு மாதங்களே இருக்கும் பிள்ளைகளை இங்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லமாட்டேன். படிவம் 4 தொடக்கமென்றால் தயங்க வேண்டாம்; காலை வகுப்பு நிறைந்துவிட்டது, மாலை வகுப்பில் இன்னும் சில இடங்கள் இருக்கின்றன.