20 ஆண்டுகள் கேட்டபின் 'வேப்பர் டிரெயில்ஸ்'

கனடாவின் மூவர் ராக் குழுவான ரஷ்ஷின் 'வேப்பர் டிரெயில்ஸ்' ஆல்பம் 2002 மே மாதம் வந்தது. வந்த கையோடு சிடியை வாங்கிவிட்டேன். ஆனால் முதல் ஒரு மாதம், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒருமுறைகூட கேட்டு முடிக்க முடியவில்லை. ஐந்தாவது பாட்டு வரும்போதே காது அடைத்துக்கொண்டதுபோல் ஆகிவிடும், நிறுத்திவிடுவேன். சத்தத்தைக் குறைத்து வைத்தும் பார்த்தேன். இரைச்சல் சின்னதானது, அவ்வளவுதான். அப்புறம் அது அலமாரிக்குப் போய்விட்டது. ரஷ் பற்றிப் பேச்சு வந்தால் அவர்களுடைய பழைய ஆல்பங்களான '2112' வரும், 'மூவிங் பிக்சர்ஸ்' வரும். இந்த ஆல்பத்தை யாராவது எடுத்தாலும் அதன் ஒலிப்பதிவைக் குறை சொல்வதோடு பேச்சு முடிந்துவிடும்.

இன்று அவர்களுடைய பிற்கால ஆல்பங்களில் நான் அதிகம் கேட்பது இதைத்தான்.

இதன் பின்கதையைச் சொல்லாமல் பாட்டுகளைப் பற்றிப் பேச முடியாது. டிரம்ஸ் வாசிப்பவரும் பாடல் வரிகளை எழுதுபவருமான நீல் பியர்ட், 1997 ஆகஸ்டில் மகளைச் சாலை விபத்தில் பறிகொடுத்தார். அப்போது அவருக்கு இருந்த ஒரே பிள்ளை. அடுத்த பத்து மாதத்தில் மனைவியும் புற்றுநோயில் போய்விட்டார். இனி தன்னை ஓய்வு பெற்றவனாகவே நினைத்துக்கொள்ளும்படி மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். 14 மாதம், சுமார் 88,000 கிலோமீட்டர். பாடகரும் பேஸ் கிட்டார் வாசிப்பவருமான கெடி லீயும் கிட்டார் வாசிக்கும் அலெக்ஸ் லைஃப்சனும் வேறு டிரம்மரைத் தேடவில்லை, காத்திருந்தார்கள். 2001 ஜனவரியில் மூவரும் டொராண்டோவில் மறுபடி வேலையைத் தொடங்கினார்கள். ஆல்பம் முடிய ஓராண்டுக்கும் மேல் ஆனது. 1974-இல் முதல் ஆல்பம் போட்ட குழுவுக்கு இது 17-ஆவது ஸ்டுடியோ ஆல்பம்.

இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். ஆனாலும் அந்த மனிதர் பாட்டுக்குள் எங்கே இருக்கிறார் என்று பிடிபடவில்லை.

காரணம் ஒலியில் இருந்தது. சிடியில் பதிகிற ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டி எதுவும் பதியாது. அந்த வரம்புக்குள்ளேயே எல்லாம் சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால், உயர்ந்த இடங்களை நசுக்கிவிட்டு மொத்தத்தையும் மேலே தூக்க வேண்டும். அந்த நாட்களில் பரவலாக நடந்த வேலைதான் அது, இதில் அளவு மீறிப் போய்விட்டது. ஒரு நாள் ஒரு பாட்டின் ஒலியலையைக் கணினியில் விரித்துப் பார்த்தேன். மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டியது, மேலேயும் கீழேயும் கத்தரித்துவிட்ட பட்டையாக இருந்தது. கத்தரித்ததில் போனவை டிரம்ஸ் அடியின் முனைகள். டிரம்ஸில் கூர்மையாக ஒலிக்கும் ஸ்னேர் மேளத்தில் அடி விழும் அந்தக் கணத்து 'டப்' காணோம், பின்னால் வரும் மந்தமான ஓசை மட்டும் மிச்சம். சிம்பல் என்கிற உலோகத் தட்டை அடித்தால் காகிதத்தைக் கசக்குவதுபோல் கேட்கும். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு டிரம்மர் திரும்பி வந்து வாசித்ததை, டிரம்ஸே கேட்காதபடி தந்திருக்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

மாஸ்டரிங் என்கிற இந்தக் கடைசிக்கட்ட ஒலிச் சீரமைப்பு மட்டும் காரணமில்லை. எழுபதுகளின் பிற்பாதியிலிருந்து ரஷ் பாட்டுகளில் இருந்துவந்த கீபோர்டு இதில் சுத்தமாக இல்லை. கெடி லீ பேஸ் கிட்டாரைத் தனித்தனி ஸ்வரமாக வாசிப்பதோடு நிற்காமல் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகளாகவும் மீட்டுகிறார். லைஃப்சன் வழக்கமான சோலோக்களை ஒதுக்கிவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிட்டார் அடுக்குகளை ஏற்றியிருக்கிறார். அதற்கு மேலே கெடியின் குரலும் பல அடுக்காக வருகிறது. கூர்ந்து கேட்கிறவர்களுக்கு இது விருந்து. ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கும்போது, நசுக்கிய ஒலியில் எதைத்தான் பிரித்துக் கேட்பது?

பாட்டுகள்மேல் தவறில்லை என்று எனக்கு முதலில் தோன்றியது 'ரஷ் இன் ரியோ' கேட்டபோது. 2002 நவம்பரில் ரியோவின் மரக்கானா மைதானத்தில் நடந்த நிகழ்ச்சி அது. 'எர்த்ஷைன்', 'கோஸ்ட் ரைடர்', 'சீக்ரெட் டச்' எல்லாம் அதில் உண்டு. மைதானத்து இரைச்சலுக்கு நடுவிலும் அந்தப் பாட்டுகள் மூச்சு விட்டன. அதன்பின் 2009-இல் வந்த 'ரெட்ரோஸ்பெக்டிவ் 3' தொகுப்பில் இந்த ஆல்பத்தின் இரண்டு பாட்டுகள் மட்டும் புது மிக்ஸில், அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் கருவிகளையும் புதிதாகக் கலந்து, வந்தன. 2013-இல் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் டேவிட் பாட்ரில் முழு ஆல்பத்தையும் மறுபடி மிக்ஸ் செய்து தந்தார். ரீமாஸ்டர் மட்டும் செய்து தப்பித்துக்கொள்ளாமல் மூலப் பதிவுகளிலிருந்தே தொடங்கியது சரியான முடிவு. பழைய மிக்ஸிலேயே பழுது இருந்ததால், மேல்பூச்சு பூசி அதைத் திருத்தியிருக்க முடியாது.

2013-க்குப் பிறகு இந்தப் பதிப்பை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. மெதுவாகத்தான் திறந்தது. முதலில் வந்து சேர்ந்தது 'கோஸ்ட் ரைடர்'. போனவர்களின் நிழல்களை மூட்டைபோல் ஏற்றிக்கொண்டு, நிற்காமல் ஓட்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பாட்டு. பழைய சிடியில் இது கோபமாகக் கேட்டது. இப்போது அதில் களைப்பு கேட்கிறது, வண்டியை நிறுத்தினால் எல்லாம் வந்து சூழ்ந்துகொள்ளும் என்கிற பயமும் கேட்கிறது.

அடுத்தது 'எர்த்ஷைன்'. பிறை நிலவில் ஒளி படாத பக்கம் மங்கலாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். சூரிய வெளிச்சம் பூமியில் பட்டு, இங்கிருந்து நிலவுக்குப் போய், அங்கே பட்டு மறுபடி நம் கண்ணுக்கு வருகிறது, அதுதான் அந்த மங்கல் ஒளி. இருமுறை கைமாறிய வெளிச்சம். தனக்கென்று வெளிச்சம் இல்லாத நாட்களை எழுத இதைவிடப் பொருத்தமான படிமம் பியர்டுக்குக் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன். கிட்டாரின் கனமான பகுதி விலகி குரல் மேலெழும் இடத்தில், பின்னணிக் குரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்கின்றன. அந்த இடத்தை மட்டும் ஓர் இரவு பத்துப் பதினைந்து முறை ஓட்டி ஓட்டிக் கேட்டேன்.

'ஸ்வீட் மிராக்கிள்' எனக்குக் கடைசியாகப் பிடித்தது. பியர்ட் 2000-இல் மறுமணம் செய்துகொண்டார். அந்த ஆறுதல், ஆர்ப்பாட்டமே இல்லாமல் இந்தப் பாட்டில் இருக்கிறது. இளைய வயதில் இதைச் சாதாரணப் பாட்டு என்று தள்ளிவிட்டேன், அது என் அவசரம்.

குறை இல்லை என்று சொல்லமாட்டேன். 13 பாட்டு, 67 நிமிடம் என்பது நீளம்தான். 'நாக்டர்ன்', 'ஃபிரீஸ்' வரும் இடத்தில் ஆல்பம் தொய்கிறது, புது மிக்ஸாலும் அதைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் 2013 பதிப்பையே எடுங்கள். ஒரே மூச்சில் வேண்டாம், முதல் நாள் 'சீக்ரெட் டச்' வரை போதும். ஹெட்போனில் கேட்டால் பேஸ் கிட்டார் என்னென்ன செய்கிறது என்பது இன்னும் நன்றாகத் தெரியும்.

2020 ஜனவரி 7 அன்று பியர்ட் காலமானார். செய்தி தெரிந்த அன்று நான் தேடி எடுத்தது அலமாரியில் கிடந்த பழைய சிடியைத்தான். முதல் பாட்டு 'ஒன் லிட்டில் விக்டரி', தனி டிரம்ஸோடுதான் தொடங்கும். இரண்டு கால்களும் ஓடுகின்றன, மேலே ஸ்னேர், வேறு யாரும் இல்லை. கிட்டார் நுழைவதற்கு முன் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து போட்டேன்.