குலுக்கலா, ஏலமா, ரசீதுப் புத்தகமா?

பாலக்கோட்டுப் பக்கம் மாரியம்மன் பண்டிகை நெருங்கிவிட்டால் இளைஞர் மன்றங்களில் ஒரே கவலைதான்: தெருக்கூத்துக்குப் பணம் எங்கே? உடனே ஒருவர் "டிக்கெட் அடித்துவிடலாம்" என்பார். இருபது ரூபாய் டிக்கெட், முதல் பரிசு மிக்சி. நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான்.

ஆயிரம் டிக்கெட் அடித்தோம், 640 விற்றது. வந்த பணம் 12,800 ரூபாய். பரிசுகளுக்கு 7,500, அச்சுக்கூலி 900, மைக் செட்டுக்கு 1,500 போக மிஞ்சியது 2,900. விற்காத டிக்கெட்டுகளின் அடிக்கட்டைகளையும் யாரோ குடத்தில் போட்டிருந்தார்கள். இரண்டாம் பரிசான குக்கர் அவற்றில் ஒன்றுக்கு விழுந்து, மன்றத்திலேயே தங்கிவிட்டது. ஊர் பேசியதை இங்கே எழுத முடியாது.

சட்டம் இன்னும் பெரிய வில்லங்கம். 1968-இல் அரசே லாட்டரி தொடங்கி, 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று விற்றது உண்மைதான். ஆனால் 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டது. அரசு அனுமதி இல்லாத லாட்டரிக் குலுக்கலுக்கென்று இடம் வைத்து நடத்தினால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 297-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். அறிவிப்பு வெளியிட்டாலே 5,000 ரூபாய் வரை அபராதம். கோயில் காரியம் என்பதற்காக அந்தப் பிரிவு விலக்கு எதுவும் தரவில்லை.

ஏலத்தில் இந்தப் பயம் இல்லை, பொருளுக்குச் செலவும் இல்லை. ஒருவர் வாழைத்தார் தருவார், ஒருவர் மாம்பழக் கூடை, வசதியுள்ளவர் கிடா. அம்மன் மடியில் வைத்த எலுமிச்சம்பழம் 3,000 ரூபாய்க்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். பங்காளிகள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் ஏலம் எடுத்தவர் "அடுத்த பண்டிகைக்குத் தருகிறேன்" என்பார். எங்கள் நோட்டில் மூன்று வருடப் பாக்கி நிற்கிறது. பாதித் தொகையைக் கையோடு வாங்காமல் பொருளைக் கொடுக்கக் கூடாது. இன்னொரு குறை: கூலிக்காரர் ஏலத்தில் வாய் திறக்க முடியாது. இருபது ரூபாய் டிக்கெட் அவரையும் சேர்த்துக்கொண்டது, அதை மறுக்க மாட்டேன்.

அவருக்கும் இடமுள்ளது ரசீதுப் புத்தகம். பத்து ரூபாய் கொடுத்தாலும் பெயர் ஏறும். வீடு வீடாக ஏறி இறங்கும் அலுப்பு உண்டு. மாங்காய்ப் பணம் கைக்கு வந்த பிறகு போனால் முகம் சுளிக்க மாட்டார்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள். வரிசை எண்ணும் கார்பன் நகலும் இல்லாத புத்தகத்தை மட்டும் அச்சடிக்காதீர்கள்.

தவணை கட்டிச் சேரும் குலுக்கல் சீட்டு பிடிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதற்குப் பதிவு வேண்டும், தவணை கட்டாதவர் வீட்டு வாசலில் போய் நிற்கவும் வேண்டும். எங்களுக்கு ஆகாது.

இந்த ஆண்டு முதலில் ரசீது, பண்டிகை இரவில் ஏலம் என்று முடிவாகியிருக்கிறது. டிக்கெட் பேச்சை எடுத்தவரிடமே ஏலம் கூறும் வேலையைக் கொடுத்துவிட்டோம். நல்ல குரல்.