மலையகத்தில் யுபிஐ: பணம் எந்த இடத்தில் நிற்கிறது?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா பக்கம் நம் யுபிஐ வேலை செய்யுமா என்று சொந்தக்காரர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். செய்யும். 2024 பிப்ரவரியில் இலங்கையில் யுபிஐ தொடங்கியது. அதே ஆண்டு மே மாதம் போன்பேயும் இலங்கையின் பணப் பரிமாற்ற அமைப்பான லங்காபேயும் சேர்ந்து அறிவித்த பிறகு, அந்நாட்டுப் பொது கியூஆர் குறியீடான லங்காகியூஆர் ஒட்டிய கடைகளில் ஸ்கேன் செய்யும் வழி வந்தது. அம்மா வழிச் சொந்தமெல்லாம் டிக்கோயாவில் இருப்பதால், அன்று முதல் போகும்போதெல்லாம் இதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் கோயம்புத்தூர் டீக்கடையில் ஸ்கேன் செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிற நினைப்போடு போனால் நடுக்கடையில் நிற்க வேண்டியதுதான்.

பணம் போகவில்லை என்றால் எல்லாரும் முதலில் சிக்னலைத் திட்டுவார்கள். மழை, மலை, பள்ளத்தில் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) என்று அதற்குக் காரணமும் தயாராக இருக்கும். நான் பார்த்தவரை சிக்னல் பல நேரம் நிரபராதி. திரை எந்தக் கட்டத்தில் நின்றது என்று பாருங்கள். ஸ்கேன் செய்ததும் நின்றதா, பின் எண் (PIN) போட்ட பிறகு நின்றதா, எல்லாம் முடிந்து சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு.

ஸ்கேன் செய்ததுமே மறுத்தால், பெரும்பாலும் வெளிநாட்டில் பணம் கொடுக்கும் வசதியான யுபிஐ இன்டர்நேஷனல் திறக்காமல் இருக்கும். செயலியின் பேமென்ட் செட்டிங்ஸில் இருக்கிறது; எந்தக் கணக்கிலிருந்து கொடுக்கப்போகிறீர்களோ அதற்குத் திறக்க வேண்டும், பின் எண் கேட்கும். சில செயலிகள் எந்தத் தேதி வரை என்றும் கேட்கும். அந்தத் தேதி தாண்டியதும் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். போன தடவை நன்றாகப் போன பணம் இந்தத் தடவை ஏன் போகவில்லை என்று குழம்புகிறவர்களில் பலருக்கு விடை இதுதான். எல்லா வங்கியும் இதில் சேரவில்லை என்பதால், உங்கள் வங்கி இருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள்.

இன்னொரு காரணம் ஸ்டிக்கர். ஹட்டன் கடைகளில் கல்லாப்பெட்டி ஓரம் இரண்டு மூன்று ஒட்டியிருக்கும், ஒன்று பாதி உரிந்திருக்கும். லங்காகியூஆர் முத்திரை இருப்பதைத் தேடுங்கள். அது எடுக்கவில்லையென்றால் பக்கத்து ஸ்டிக்கரைக் காட்டச் சொல்லுங்கள். கடைக்கு மட்டும்தான் இந்த வழி, தனி ஆளுக்கு அனுப்ப முடியாது. "அங்க இருந்தே எனக்கு சல்லி போட்டுவிடலாமே தம்பி" என்று மாமா கேட்டார். அப்படி ஆளுக்கு ஆள் அனுப்பும் இணைப்பு 2023இல் சிங்கப்பூரோடு வந்தது, இங்கே இல்லை மாமா என்றேன். அவருக்குத் திருப்தியில்லை.

தொகையிலும் கவனம் வேண்டும். இரண்டு நாட்டுக்கும் பெயர் ரூபாய்தான். கடைக்காரர் 1,400 என்றால் இலங்கை ரூபாய் 1,400ஐ அப்படியே அடியுங்கள். இந்தியக் கணக்கில் எவ்வளவு என்பதைப் பின் எண் போடும் முன் திரையே காட்டும். மனக்கணக்காக வகுத்துப் போட்டால் கடைக்குக் குறைந்துவிடும். நாணய மாற்றுக்கு வங்கி பிடிக்கும் கட்டணமும் உண்டு, அதனால் பிளேன்டீக்கெல்லாம் நான் ஸ்கேன் செய்வதில்லை.

இரண்டாவது கட்டத்தில்தான் பலர் தங்கள் கையாலேயே கெடுத்துக்கொள்கிறார்கள். யுபிஐ உங்கள் இந்திய சிம்மோடும் அந்தப் போனோடும் கட்டப்பட்ட ஒன்று. விமான நிலையத்தில் உள்ளூர் சிம் வாங்கி, இந்திய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்தால் சில செயலிகள் உடனே மறுபடியும் சரிபார்க்கச் சொல்லும். அதற்கு அந்த இந்திய எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் போயாக வேண்டும். ரோமிங் போட்டிருக்காவிட்டால் எப்படிப் போகும்? இரண்டு சிம் போடும் போனில் இந்திய சிம் உள்ளேயே இருக்கட்டும், டேட்டா மட்டும் உள்ளூர் சிம்மில் ஓடட்டும்.

'செயலியை அழித்துவிட்டுத் திரும்பப் போடு' என்ற அறிவுரை எல்லார் வாயிலும் இருக்கிறது. வெளிநாட்டில் அதைவிட மோசமான யோசனை இல்லை. மறுபடி பதிவு செய்ய அதே எஸ்எம்எஸ் வேண்டும். அப்படியே செய்து முடித்தாலும் புதுப் பதிவுக்கு முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய் வரம்பு. விபிஎன் ஓடினால் அணையுங்கள், லொகேஷன் அனுமதி கொடுங்கள், போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அதற்கு மேல் கை வைக்காதீர்கள்.

மூன்றாவது கட்டம்தான் வயிற்றைக் கலக்கும். நுவரெலியாவில் ஒரு ஸ்வெட்டர் கடையில் என் கணக்கில் பணம் பிடித்த எஸ்எம்எஸ் வந்துவிட்டது, செயலி 'பென்டிங்' என்கிறது, கடைக்கார அக்காவின் போனில் ஒன்றும் இல்லை. "எனக்கு வரல்லையே தம்பி, இன்னொருக்கா அடிச்சுப் பாருங்க." அடிக்கவில்லை. பென்டிங்கில் இருக்கும்போது மறுபடி அனுப்பினால் இரண்டும் போய்ச் சேரலாம். பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் 12 இலக்க யுடிஆர் எண்ணோடு திரையைப் படம் பிடித்து, அக்காவிடமும் அந்த எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, கையில் இருந்த நோட்டைக் கொடுத்தேன். ஊர் திரும்பிய பிறகுதான் பணம் கணக்குக்கு வந்தது.

இடையில் வங்கிக்குப் போன் செய்தேன். "அஞ்சு நாள்ல வந்துடும் சார்" என்று மனப்பாடமாகச் சொன்னார்கள். கடையில் கொடுத்த பணத்துக்கு அந்த ஐந்து நாள் கெடுவும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடும் ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கையில் உள்ளவை. அது இரு தரப்பும் இந்தியாவுக்குள் இருக்கும் பரிவர்த்தனைகளுக்கு மட்டும். வெளிநாட்டுப் பணத்துக்கு அதைச் சொல்லி உங்களை ஆறுதல்படுத்தினால் நம்பி உட்கார வேண்டாம். செயலிக்குள்ளேயே அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் போட்டு, புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு இதை விட்டுவிடுவேனா என்றால், இல்லை. சீதா எலிய அம்மன் கோயிலுக்குப் போகும் வழியிலும், ஹட்டன் டவுனில் துணி, மளிகைக் கடைகளிலும் எனக்கு நன்றாகவே ஓடுகிறது. நான் ஏறிய பஸ்களில் கண்டக்டர் நோட்டைத்தான் வாங்கினார். சிவனொளிபாதமலை (ஆடம்ஸ் பீக்) யாத்திரை சீசனில் மலையடிவாரத்து நல்லதண்ணிப் பக்கம் போகிறவர்கள் ஹட்டன் ஏடிஎம்மிலேயே பணம் எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் போய்த் தேட வேண்டாம்.