பாரிஸ் 3 ராத்திரி 4 நாள் பேக்கேஜ்: "போட்டோ ஸ்டாப்"னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு பணம் கட்டுங்க

முதல்லயே சொல்லிடுறேன், கம்பெனி பேர் இங்க போட மாட்டேன், பேர் கேட்டு மெசேஜும் பண்ணாதீங்க. நான் பொலம்பப்போறதுல பாதி அந்த ஒரு கம்பெனியோட தப்பே இல்ல, இட்டினரியை ஒழுங்கா படிக்காம கையெழுத்து போட்ட என் தப்பு.

2025 மே கடைசி வாரம். எங்களுக்கு கல்யாணமாகி 25 வருஷம், நான், வீட்டுக்காரி, 67 வயசு அம்மா, மூணு பேரும் மும்பை செம்பூர்ல இருந்து கிளம்பினோம். ஆளுக்கு 1,62,000, ஃப்ளைட், ஓட்டல், காலை டிபன், ராத்திரி சாப்பாடு, விசா எல்லாம் சேர்த்து. டிசிஎஸ், அதாவது வெளிநாட்டு டூருக்கு கம்பெனியே நம்மகிட்ட வாங்கி கவர்மெண்டுக்கு கட்டுற வரி, அப்ப 5 சதவீதம் தனி, அந்தக் கதை கடைசில. மூணு பேருக்குமே ஐரோப்பா முதல் தடவை, நமக்கு பாஷை தெரியாது, அம்மாவுக்கு முட்டி வலி, அதனால குரூப்ல போறதுதான் புத்திசாலித்தனம்னு நினைச்சோம், இப்பவும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

4 நாள்னு போட்டிருக்கே, அதை பிரிச்சுப் பாருங்க. முதல் நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு பிளேன் இறங்குது, நாலாம் நாள் காலைல ஒன்பதுக்கு ஏர்போர்ட்டுக்கு பஸ். நடுவுல ஒரு முழு நாள் டிஸ்னிலேண்ட், அது பாரிஸ்லயே இல்ல, கிழக்கால முப்பது கிலோமீட்டருக்கு மேல. ஆக பாரிஸ்னு சொல்லி நம்மகிட்ட விக்கிறது ஒரு சாயங்காலமும் ஒரு பகலும்.

இட்டினரில நாலு வார்த்தை வரும், நாலுக்கும் அர்த்தம் வேற. "விசிட்"னா டிக்கெட் அவங்க குடுத்து உள்ள விடுவாங்க. "போட்டோ ஸ்டாப்"னா பஸ் நிக்கும், இறங்கி பத்து பதினஞ்சு நிமிஷத்துல ஏறிடணும். "டிரைவ் பாஸ்ட்"னா பஸ் நிக்கவே நிக்காது. "ஓரியன்டேஷன் டூர்"னா கிட்டத்தட்ட அதேதான், மைக்ல ஒருத்தர் பேசுவார், அவ்ளோதான் வித்தியாசம். மும்பைக்காரங்களுக்கு சட்டுனு புரியணும்னா, லால்பாக் ராஜா பிள்ளையாருக்கு காலைத் தொட்டுக் கும்பிடுற நவஸ் லைன், தூரத்துல இருந்து முகம் மட்டும் பாக்குற முக தரிசன லைன்னு ரெண்டு இருக்குல்ல, விசிட் நவஸ் லைன், போட்டோ ஸ்டாப் முக தரிசனம். டிரைவ் பாஸ்ட் லால்பாக் ஃப்ளைஓவர்ல டாக்ஸில போயிக்கிட்டே கன்னத்துல போட்டுக்குறது.

எங்க இட்டினரில விசிட் ரெண்டே ரெண்டு, ஈஃபில் டவர் ரெண்டாவது தளம், அப்புறம் சேன் நதில ஒரு மணி நேர படகு. லூவ்ர் மியூசியம் டிரைவ் பாஸ்ட். கண்ணாடி பிரமிடு பஸ் ஜன்னல்ல ஒரு வளைவு வழியா மினுக்குனு தெரிஞ்சுது, நான் பாத்தேன், அம்மா எந்தப் பக்கம்னு கேக்குறதுக்குள்ள போயிடுச்சு. நோத்ர்தாம் சர்ச் டிரைவ் பாஸ்ட். வெற்றி வளைவு, நெப்போலியன் 1806ல கட்டச் சொன்னது, பன்னெண்டு ரோடு வந்து சேர்ற ரவுண்டானா நடுவுல நிக்குது, அதை ரெண்டு சுத்து சுத்தினோம், இறங்கல. கொன்கார்ட் சதுக்கத்துல எகிப்துல இருந்து வந்த மூவாயிரம் வருஷத்துக்கு மேல பழைய கல்தூண், சிக்னல் விழுந்ததால புண்ணியத்துல ஒரு நிமிஷம் பாத்தோம்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அதே நாள்ல ஒரு சென்ட் மியூசியத்துல 50 நிமிஷம் நிறுத்தினாங்க. நுழைவு இலவசம்னு பெருமையா சொன்னாங்க, பத்து நிமிஷம் பழைய செம்பு அண்டா எல்லாம் காட்டிட்டு மீதி நாப்பது நிமிஷம் கடைக்குள்ள. மைக்ல வேற ஊருக்குக் கொண்டுபோக இதைவிட நல்ல கிஃப்ட் கிடையாதுன்னு. லூவ்ருக்கு பத்து செகண்ட், சென்ட் கடைக்கு அம்பது நிமிஷம், இந்த கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாங்கன்னு தெரியல.

ஈஃபில் டவர் விஷயத்துல மட்டும் குறை சொல்ல மாட்டேன். நான் தலோஜால ஃபேப்ரிகேஷன் ஷாப்ல டிராயிங் பாக்குற ஆள், எனக்கு அது கோயில் மாதிரி. 1889 கண்காட்சிக்காக ரெண்டு வருஷம் ரெண்டு மாசம் அஞ்சு நாள்ல நிமித்தினது, இருபது வருஷம் நின்னா போதும் அப்புறம் பிரிச்சிடலாம்னு பர்மிட், இன்னைக்கும் 330 மீட்டர் நிக்குது. வெல்டிங் கிடையாது, 25 லட்சம் ரிவெட், சுமார் ஏழு வருஷத்துக்கு ஒருக்கா ஆளுங்க கயித்துல தொங்கிக்கிட்டு கையால பெயிண்ட் அடிக்கிறாங்க. எங்களுக்கு மேல முக்கா மணி நேரம் குடுத்தாங்க. எல்லாரும் லிஃப்ட்ல இறங்க நான் மட்டும் படில இறங்கினேன், ரெண்டாவது தளத்துல இருந்து கீழ வரை 674 படி. படி இரும்புக்கு நடுவுலயே போகுது, குசெட் பிளேட்னு இரும்புங்க சேர்ற இடத்துல வைக்கிற தகடு, கோண இரும்பு, ரிவெட் தலை எல்லாம் மூஞ்சிக்கு நேரா, கை நீட்டினா தொடலாம். முதல் தளத்துக்கு கீழ சுத்தி 72 பிரெஞ்சு விஞ்ஞானிங்க, இன்ஜினியருங்க பேரை பொறிச்சு வச்சிருக்காங்க, இன்ஜினியர் பேரை இவ்ளோ பெரிய எழுத்துல போட்டு நான் வேற எங்கயும் பாத்ததில்ல. கீழ வர்றதுக்குள்ள டூர் மேனேஜர் வாட்ஸ்அப்ல நாலு தடவை "சலோ சலோ", ஒரு கை கூப்புற எமோஜி. பாவம், நல்ல மனுஷன், நாப்பது பேரை மேய்க்கணும்.

ராத்திரி லைட்டு பாக்கணும்னு வீட்டுக்காரிக்கு ஆசை, போட்டோல பாத்துப் பாத்து வளர்ந்த ஆசை. மே கடைசில அங்க ஒன்பதரைக்கு மேலதான் சூரியனே இறங்குது. இருட்டினப்புறம் ஒவ்வொரு மணி தொடக்கத்துலயும் அஞ்சு நிமிஷம் இருபதாயிரம் பல்பு ஜிகுஜிகுன்னு மின்னும். ஆனா எங்களுக்கு ராத்திரி சாப்பாடு ஏழு மணிக்கு, எட்டரைக்கு பஸ் ஓட்டல் போயிடும். ஏன்னு கேட்டா டிரைவர் டைம் முடிஞ்சிடும்னாங்க. இது உண்மைதான், ஐரோப்பால டிரைவருக்கு வழக்கமா தினம் 11 மணி நேரம் ஓய்வு குடுத்தாகணும், நம்ம ஹைவே ஆக்சிடெண்ட் எல்லாம் பாத்தவன் நான், சட்டம் சரி. ஆனா கோடைல கூட்டிட்டுப் போறவங்க ப்ரோஷர் அட்டைல மின்னுற டவரை போட்டா அது தப்பு தானே.

சாப்பாடு பத்தி ஒரே வரி. மூணு ராத்திரியும் பன்னீர், தால், ஜீரா ரைஸ், குலாப் ஜாமுன், ஜெயின்காரங்களுக்கு வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு தனியா உண்டு, அம்மா கொண்டு வந்த பருப்புப் பொடிக்கு டேபிள்ல கிராக்கி ஆயிடுச்சு.

மூணாம் நாள் டிஸ்னிலேண்ட். முந்தின ராத்திரியே வீட்டுக்காரி சொல்லிட்டா, "என்னங்க, நாம குழந்தையா, நாளைக்கு கழண்டுக்கலாம்". டிக்கெட் காசு திரும்ப வராது, எங்க பொறுப்புல போறோம்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. கொடுத்த காசுக்கு கிடைச்ச ஒரே முழு பாரிஸ் நாள் அந்த காசை விட்டதாலதான் கிடைச்சுது.

பாரிஸ் ஓட்டல்னு சொல்லி எங்களை வச்சிருந்தது ஏர்போர்ட்டுக்கு முந்தின ஸ்டேஷன்கிட்ட. தாஜ்மஹால் ஓட்டல்னு நினைச்சா கல்யாண் தாண்டி இறக்கிவிட்ட மாதிரி. ஆனா ஸ்டேஷன் பக்கம்ங்கிறது பெரிய பிளஸ். ஆர்இஆர் பி லைன், நம்ம லோக்கல் மாதிரிதான். 2025ல நாவிகோன்னு 2 யூரோவுக்கு ஒரு கார்டு, ஒரு பயணம் 2.50 யூரோ. அடுத்த ஸ்டேஷன் ஏர்போர்ட்ல ஏறினா அதே வண்டிக்கு அப்ப 13 யூரோ! ஆளுக்கு ஒரு கார்டு வேணும், ஒண்ண வச்சு மூணு பேர் போக முடியாது, நாங்க ட்ரை பண்ணி கேட்ல மாட்டிக்கிட்டோம்.

செய்ன் மிஷேல்ல இறங்கினா நோத்ர்தாம். 2019 ஏப்ரல்ல கூரை எரிஞ்சதை டிவில பாத்தது ஞாபகம் இருக்கும், 2024 டிசம்பர்ல தான் திரும்ப திறந்தாங்க. உள்ள போக காசு கிடையாது, லைன் பெருசா இருந்தாலும் வேகமா நகருது. உள்ள கல்லெல்லாம் தேய்ச்சு கழுவி வெள்ளையா, நேத்து கட்டினது மாதிரி, 1163ல ஆரம்பிச்ச கட்டடம்னு சொன்னா அம்மா நம்பல. இலவசமா போற இடத்தை ஏன் டிரைவ் பாஸ்ட்ல போட்டாங்கன்னு எனக்கு இன்னும் விளங்கல.

அங்க இருந்து ஆத்தங்கரையோட நடந்தே லூவ்ர். டிக்கெட் 2025ல 22 யூரோ, ஆன்லைன்ல டைம் ஸ்லாட் போட்டுட்டு போங்க, செவ்வாக்கிழமை லீவு. மோனா லிசா 77க்கு 53 சென்டிமீட்டர், நம்ம வீட்டு சாமி காலண்டர் சைஸ், முன்னாடி சாயங்காலம் ஆறு மணி தாதர் பிரிட்ஜ். எல்லாரும் போன் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க. அம்மா ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு "சரி" ன்னுட்டு திரும்பி எதிர் சுவத்தைப் பாத்தாங்க. அங்க கிட்டத்தட்ட 7 மீட்டர் உயரம் 10 மீட்டர் அகலத்துல ஒரு கல்யாண விருந்து, வெரோனேசே வரைஞ்சது, 1797ல நெப்போலியன் படை வெனிஸ்ல இருந்து தூக்கிட்டு வந்தது. அவ்ளோ கூட்டமும் அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. அம்மா அங்கயே நின்னு பந்தில யார் யார் இருக்காங்க, யார் பரிமாறுறாங்க, நாய் எங்க படுத்திருக்குன்னு எண்ணிட்டு, "டேய், பொண்ணு மாப்பிள்ளையை ஓரத்துல தள்ளிட்டாங்கடா"ன்னாங்க. பாத்தா நிஜமாவே இடது கோடில தான் இருக்காங்க, நடுவுல ஏசு. இருபது நிமிஷம் அந்த ஒரு படம். எந்த பஸ்ஸும் எங்களுக்காக காத்துக்கிட்டு இல்ல.

மத்தியானம் அதே பி லைன்ல கார் து நோர் ஸ்டேஷன் வந்து லா ஷப்பெல் ஏரியா. இதை ஏன் ஒரு டூர்காரனும் தமிழ் ஆளுங்களுக்கு சொல்ல மாட்டேங்கிறான்? ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா ரோடு பூரா தமிழ் போர்டு, நகைக்கடை, புடவைக்கடை, முருங்கைக்காய், கறிவேப்பிலை. இலங்கைல சண்டை நடந்தப்ப தப்பி வந்தவங்க உண்டாக்கின தெரு. பக்கத்துலயே மாணிக்க விநாயகர் கோயில், வருஷா வருஷம் கோடை கடைசில தேர் இழுத்து ரோட்டுல தேங்கா உடைக்கிறாங்க. சாப்பிடப் போன கடைல அந்த அம்மா "எங்கயிருந்து வாறியள்"னு கேட்டாங்க, பம்பாய்னோம், "அங்கயும் தமிழ் ஆக்கள் இருக்கினமோ"ன்னாங்க. எங்க அம்மா விடுவாங்களா, தாராவி, மாட்டுங்கா, செம்பூர்னு கணக்கு சொல்ல ஆரம்பிச்சாங்க. இடியாப்பமும் சொதியும் வந்துச்சு. எங்களுக்கு பூர்வீகம் திருநெல்வேலி, அங்கயும் சொதி உண்டு, மறுவீட்டு விருந்துக்கு பாசிப்பருப்பு முருங்கைக்காய் போட்டு கெட்டியா வைப்பாங்க, இது தண்ணியா மஞ்சளா இருந்துச்சு, எது ஒரிஜினல்னு ரெண்டு அம்மாக்களும் ஒரு பாட்டம் பேசினாங்க, முடிவாகல. எனக்கு மட்டன் கொத்து. காசு வாங்கிக்கிட்டாங்க, தேத்தண்ணிக்கு மட்டும் வாங்கல.

ராத்திரி அங்கயிருந்து ரெண்டாம் நம்பர் மெட்ரோ பிடிச்சு எத்வால், அங்க ஆறாம் நம்பருக்கு மாறி ஈஃபில் டவருக்கு எதிர்ல இருக்குற ட்ரொக்காதெரோ. பத்து மணிக்கு டவர் மின்னுச்சு. வீட்டுக்காரி வீடியோ எடுக்கவே இல்ல, கையைக் கட்டிக்கிட்டு பாத்தா. பதினொண்ணே முக்காலுக்கு ஓட்டல் வந்து சேர்ந்தோம், டிஸ்னி போன குரூப்பு அப்பதான் சாப்பிட்ட பன்னீரை திட்டிக்கிட்டு இருந்துச்சு. ஆனா குழந்தைங்க வச்சிருந்தவங்களுக்கு டிஸ்னி ரொம்ப பிடிச்சிருந்துச்சு, அதையும் சொல்லணும்.

புக் பண்றவங்க மூணு கேள்வி எழுத்துல கேளுங்க: எது விசிட், எது போட்டோ ஸ்டாப், ஓட்டல் எந்த ஸ்டேஷன் பக்கம். விசா, ஏர்போர்ட் பிக்கப், அம்மாவுக்கு வீல்சேர் எல்லாம் ஒரு குறை இல்லாம பாத்துக்கிட்டாங்க, அதுக்கே தனியா பணம் கட்டலாம். டிப்ஸ்னு ஆளுக்கு நாளைக்கு 3 யூரோ வாங்கினது முன்னாடி சொல்லல.

5க்கு 3 ஸ்டார் குடுக்கலாம்னு இருந்தேன். அப்புறம் டிசிஎஸ். கட்டின வரி உங்க பேன் நம்பர்ல ஏறணும், இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம், உங்க வரிக் கணக்குல வந்திருக்கான்னு பாத்துக்கோங்க. அம்மா பேர்ல மட்டும் வரல. மூணு மெயில், ரெண்டு தடவை நேர்ல ஆபீஸ், அப்புறம்தான் ஏத்தினாங்க. அதனால ரெண்டரை.